6. ரோஜாக்காயும் ரேகிப்பழமும்

சத்தியவேட்டில் ரோஜாச் செடி இல்லாத தெரு கிடையாது. வாசலில் பெயின்ட் டப்பாவில் ஒன்று, மாடியில் சிமென்ட் தொட்டியில் ஒன்று. பூவைப் பறித்துத் தலையில் வைப்போம், சாமிக்கு வைப்போம். பறிக்காமல் விட்ட பூ இதழ் உதிர்ந்து, காம்பு மட்டும் நிற்கும். அதையும் கவாத்து செய்யும்போது வெட்டிப் போட்டுவிடுவோம். வெட்டாமல் விட்டால் சில செடிகளில் அந்தக் காம்பின் தலை பருத்துக் காயாகி, பிறகு ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ பழுக்கும். ரோஸ் ஹிப் என்று பெயரிட்டுப் பொடியாகவும் டீத்தூளாகவும் எண்ணெயாகவும் இன்று கைபேசியில் விற்பது இதைத்தான். நாம் ரோஜாக்காய் என்றே சொல்வோம்.

ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகள் அந்த விளம்பரத்தைக் காட்டிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுல வைட்டமின் சி அதிகமாமே, வாங்கலாமா?" வாங்கத் தேவையில்லை என்பது என் பதில். ஆனால் ரோஜாக்காய் வெறும் விளம்பரச் சரக்கு அல்ல. அதன் பெருமை உண்மையான பெருமை. அதைத் தெரிந்துகொண்டால், நம் ஊர் முள்புதரில் பழுத்துக் கிடக்கும் காய்களை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு நடத்துவோம். அதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

ரோஜாக்காயின் சரக்கு

குளிர் நாடுகளின் வேலியோரங்களில் தானாக முளைக்கும் காட்டு ரோஜாவின் காயில்தான் சத்து அதிகம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலில் காட்டு ரோஜாக்காய்க்கு 100 கிராமுக்கு 426 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருக்கிறது. நார்ச்சத்து 24 கிராம். கால்சியமும், தக்காளிக்குச் சிவப்பு தரும் லைக்கோபீனும் உண்டு. நாம் கடையில் வாங்கும் ஆரஞ்சுப் பழத்தில் 100 கிராமுக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வைட்டமின் சி இருந்தாலே நல்ல பழம்.

இதன் அருமை பிரிட்டனுக்கு இரண்டாம் உலகப் போரில்தான் உறைத்தது. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடல்வழியை அடைக்க, ஆரஞ்சு வரத்து நின்றுபோனது. குழந்தைகளுக்கு வைட்டமின் சி எங்கிருந்து கொடுப்பது? 1941இல் அரசாங்கமே ஊர் ஊராக ஆள் சேர்த்து, பள்ளிப் பிள்ளைகள் உட்பட எல்லாரையும் வேலியோர ரோஜாக்காய் பறிக்க அனுப்பியது. ராத்தல் கணக்கில் கூலி. அந்த ஓர் ஆண்டில் சுமார் 200 டன் சேர்ந்தது. அதைப் பாகாக்கிப் பாட்டிலில் அடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் அந்தப் பாகு அங்கே வீடுகளில் இருந்தது.

அந்தப் பாகைச் செய்யும் முறையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதலில் தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். அது தளதளவென்று கொதித்த பிறகுதான் காயை அரைக்க வேண்டும்; அரைத்த கையோடு கொதிநீரில் கொட்டிவிட வேண்டும். முன்கூட்டியே அரைத்து வைத்துவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போகக் கூடாது. காரணம், காய்க்குள்ளேயே வைட்டமின் சியைத் தின்னும் நொதி ஒன்று இருக்கிறது. காய் முழுசாக இருக்கும்வரை அது அடங்கிக் கிடக்கும். கத்தி பட்டதும், காற்று பட்டதும் வேலையைத் தொடங்கிவிடும். கொதிநீர் பட்டால்தான் செத்துப்போகும். கீரையை நறுக்கிப் போட்டுவிட்டு ஒரு சீரியல் பார்த்து முடித்துவிட்டு வந்து தாளிக்கிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு தரம் படிக்கவும்.

இன்னொரு விஷயம். ரோஜாக்காயின் உள்ளே விதையைச் சுற்றி மெல்லிய பூனைமயிர் போன்ற முடி இருக்கும். தொண்டையில் பட்டால் அரிக்கும், வயிற்றிலும் உறுத்தும். பிரிட்டன் பிள்ளைகள் அதைச் சுரண்டி எடுத்து ஒருவர் முதுகில் ஒருவர் போட்டு விளையாடியிருக்கிறார்கள், நம் பிள்ளைகள் பூனைக்காலிச் சுணையை வைத்துச் செய்கிற அதே குறும்பு. அதனால்தான் பாகை மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிகட்டச் சொன்னார்கள்.

நம் வாசல் ரோஜாவின் காய் ஆகுமா? விஷமில்லை, ஆனால் பெரும்பாலான ஒட்டுரக ரோஜா நம் வெயிலில் சதைப்பற்றுள்ள காய் பிடிப்பதே அபூர்வம். பிடித்தாலும் காட்டு ரோஜாவின் சத்து அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. நர்சரியில் வாங்கிய செடி என்றால் வேர் வழியாக ஏறும் பூச்சிமருந்து போட்டிருக்க வாய்ப்பு அதிகம். பூவுக்காக வளர்த்த செடியின் காயைச் சாப்பிடாதீர்கள். ரோஸ் ஹிப் எண்ணெய் முகத்துக்குப் பூசுவது. அதில் வைட்டமின் சி இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது தண்ணீரில் கரையும் சத்து, எண்ணெயில் தங்காது.

நம் பக்கத்துச் சரக்கு

நம் ஊருக்கு இரண்டு நாக்கு. செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்த ஊர், 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாற்றத்தில் ஆந்திராவுக்கு வந்தது. திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. 2022 முதல் திருப்பதி மாவட்டம். காகிதத்தில் எத்தனை மாறினாலும் மார்கழியில் ஊத்துக்கோட்டை சாலையோரம் கோணியை விரித்துக் கூறு போட்டு விற்கும் பழத்தைப் பாதிப்பேர் இலந்தை என்கிறார்கள், பாதிப்பேர் ரேகிப் பண்டு என்கிறார்கள். விற்கிற ஆயா இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

"கூறு எவ்ளோ ஆயா?"

"பத்து ரூபா கண்ணு. கொட்டையத் துப்பிட்டுத் தின்னு, முழுங்கிடாத."

இலந்தையை நம் ஊர் ரோஜாக்காய் என்று சொன்னால் பொருந்தும். முள்புதர், வேலியோரம், யாரும் நட்டு வளர்க்காதது, பிள்ளைகள் பறிப்பது, பெரிய கடையில் கிடைக்காதது. தெலுங்கு வீடுகளில் போகிப் பண்டிகையன்று மாலையில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து, ரேகிப்பழமும் பூவும் சில்லறைக் காசும் கலந்து தலையில் கொட்டுவார்கள். போகி பள்ளு என்று பெயர். திருஷ்டி கழியும் என்பது நம்பிக்கை. கொட்டிய பழத்தில் பாதியைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்றுவிடும். சத்துக் கணக்கில் பார்த்தால் எனக்கு அந்தப் பாதிதான் பிடிக்கும்.

ஆனால் சத்து அளவில் ரோஜாக்காயோடு மல்லுக்கு நிற்கக்கூடியது இலந்தை அல்ல, நெல்லி. நாகலாபுரம், ராமகிரி பக்கத்து மலைக்காடுகளில் தானாக வளரும் நெல்லி. தெலுங்கில் உசிரி. கார்த்திகை மாதம் உசிரி மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும் வனபோஜனம் தெலுங்கு வழக்கம். துவாதசிப் பாரணையில் நெல்லிக்காய் இல்லாமல் இலை போடாதது தமிழ் வழக்கம். நம் ஊரில் இரண்டும் உண்டு. இரண்டு வழக்கமும் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் நெல்லியை வைக்கின்றன என்பதை மட்டும் இப்போதைக்கு ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

நெல்லியின் வைட்டமின் சி பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. தாமோதரன், நாயர் என்ற இருவர் 1936இல் அதை வெளியிட்டார்கள். பக்குவம் செய்து வைத்த நெல்லியிலும் இந்தச் சத்து எளிதில் அழியாமல் இருப்பதையும், அதைக் காக்கும் பொருள் ஒன்று காயிலேயே இருப்பதையும் அவர்கள் எழுதினார்கள். துவர்ப்பு தருகிற டானின்தான் அந்தக் காவல்காரன் என்றும் அவர்களே சொன்னார்கள். 1939-40இல் ஹிசார் பகுதியில் பஞ்சம் வந்து, ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் பரவியபோது நெல்லியைக் கொடுத்துத்தான் கட்டுப்படுத்தினார்கள். போர்க்காலத்தில் இந்தியப் படைவீரர்களுக்கு நெல்லி மாத்திரையும் போனது. பிரிட்டன் பிள்ளைகள் ரோஜாக்காய்ப் பாகு குடித்த அதே ஆண்டுகள்.

எண்களை எப்படிப் படிப்பது

இப்போது கொஞ்சம் கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (குன்னூரில் இருந்து 1958இல் இடம்மாறியது) பழைய பட்டியலில் நெல்லிக்கு 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று போட்டிருந்தது. இன்றும் பல புத்தகங்களும் பாட்டில் ஒட்டுகளும் அந்த 600ஐத்தான் சொல்கின்றன. அதே நிறுவனத்தின் 2017 பட்டியலில் நெல்லிக்கு 252தான். நெல்லி கெட்டுப்போய்விட்டதா? இல்லை. அளக்கும் முறை மாறியது, அளந்த ரகமும் வேறாக இருக்கலாம். மரத்துக்கு மரம், மாதத்துக்கு மாதம் மாறுகிற சரக்கு இது. ஆகவே 600 என்பவரிடமும் சண்டை போட வேண்டாம், 252 என்பதைக் கேட்டு மனம் உடையவும் வேண்டாம். நான் குறைந்த எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறேன். வீட்டுக் கணக்கில் வரவைக் குறைத்தும் செலவைக் கூட்டியும் எழுதுகிறவன் கடன்பட மாட்டான்.

தேவை எவ்வளவு? 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு திருத்திய அளவுப்படி ஒரு நாளைக்கு ஆணுக்கு 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65, கர்ப்பிணிக்கு 80, பாலூட்டும் தாய்க்கு 115. கொட்டை போக 15 கிராம் சதை தேறும் நெல்லிக்காய் ஒன்றில், குறைந்த எண்ணில் பார்த்தாலும், 38 மில்லிகிராம் வரும். இரண்டு காய் சாப்பிட்டால் ஒரு பெண்ணுக்கு அன்றைய பாடு முடிந்தது. கடையில் வரும் பெரிய ஒட்டு நெல்லி என்றால் ஒன்றே போதும். இலந்தைக்குப் பழைய பட்டியல் 76 சொல்கிறது. கைநிறைய அள்ளினால் 50 கிராம் சதை, அதாவது ஏறத்தாழ 38. கொய்யா இரண்டு பட்டியலிலும் 200ஐத் தாண்டி நிற்கிறது, அது நம்பகமான ஆள். நெல்லி கிடைக்காதவர்கள் கொய்யாவுக்குப் போங்கள், மாத்திரைக்குப் போகாதீர்கள்.

களாக்காயையும் (வாக்காய) இந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பேசுவார்கள். பருப்பில் போட்டால் புளி தேவைப்படாது. அந்த வாக்காயப் பப்புக்கு நான் அடிமை. ஆனால் வைட்டமின் சிக்காக அதை நம்ப வேண்டாம். அரநெல்லியும் அப்படியே. பேரில் நெல்லி இருக்கிறது, புளிப்பு இருக்கிறது, சத்து பெருநெல்லியின் பக்கத்தில்கூட வராது. புளிப்பு வேறு, வைட்டமின் சி வேறு. புளியில் அந்த வைட்டமின் அநேகமாக இல்லவே இல்லை.

எப்போது சாப்பிடுவது

காலையில் வெறும் வயிற்றில் நெல்லிச்சாறு என்பது இன்றைய மோஸ்தர். செய்கிறவர்கள் செய்யட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தம்: நெல்லியின் பாதி வேலை வீணாகப் போகிறது.

ஆந்திராவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ஏறத்தாழ 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. நம் சாப்பாட்டில் இரும்புச்சத்து இல்லாமல் இல்லை. ராகி சங்கட்டியில் (களியில்) இருக்கிறது, வேர்க்கடலைப் பச்சடியில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது. ஆனால் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்ளாது. உள்ளே போனதில் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும். அதே வேளையில், அதே தட்டில், வைட்டமின் சி இருந்தால் உடம்பு எடுக்கும் அளவு இரண்டு மூன்று மடங்கு வரை கூடும். காலையில் குடித்த சாறு மதியச் சங்கட்டிக்கு உதவாது. அதனால்தான் பாரணை இலையையும் வனபோஜனத்தையும் ஞாபகத்தில் வைக்கச் சொன்னேன். அவற்றை வகுத்தவர்கள் இரும்புச்சத்தை நினைத்து வகுத்தார்கள் என்று கதை கட்ட மாட்டேன். ஆனால் வேளை சரியாக அமைந்திருக்கிறது.

செய்ய வேண்டியது சிறியது. சங்கட்டியோடு பச்சை நெல்லிக்காய்த் துருவல் போட்ட தயிர்ப் பச்சடி வையுங்கள். அடுப்பே வேண்டாம், துருவியதும் தயிரில் கலந்து உடனே இலையில். பிள்ளைகள் துவர்ப்புக்கு முகம் சுளித்தால் பச்சைக் கொத்தமல்லியும் கொஞ்சம் வெல்லமும் சேருங்கள். நெல்லி இல்லாத நாளில் கீரை மசியலை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் பாதி பயன்தான். சாப்பிட்டு முடித்ததும் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நெல்லியை ஒரு பக்கம் சாப்பிட்டு டீயை மறுபக்கம் ஊற்றினால் முன்னே தள்ளி பின்னே இழுத்த வண்டிதான்.

ஞாயிற்றுக்கிழமை உசிரி ஆகாது, ராத்திரியில் ஆகாது என்று தெலுங்கு வீடுகளில் சொல்வார்கள். அதில் சத்துக் காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. வாரத்தில் ஆறு நாள் சாப்பிட்டால் போதும், பாட்டியோடு வாதம் எதற்கு?

வாங்குவதும் பறிப்பதும்

நெல்லிக்காய் ஐப்பசிக் கடைசியில் தொடங்கி மாசி வரை வரும். பச்சையிலிருந்து லேசாக மஞ்சளுக்குத் திரும்பிய, ஆள்காட்டி விரலால் அழுத்தினால் கல் போல் இருக்கிற காயை எடுங்கள். பழுப்புப் புள்ளி விழுந்தது அடிபட்டது. அடிபட்ட இடத்திலிருந்து சத்து போகத் தொடங்கிவிடும். உலுக்கி விழுந்த காயைவிடக் கையால் பறித்த காய் மேல். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். காட்டு நெல்லி சிறியது, நார் அதிகம், துவர்ப்பும் அதிகம். ஊறுகாய்க்கு ஒட்டு நெல்லி சதை தரும். பச்சையாகச் சாப்பிடவும் உலர்த்தவும் நான் சிறியதைத்தான் எடுப்பேன்.

இலந்தையில் காம்படியில் சின்ன ஓட்டை இருந்தால் உள்ளே பழ ஈயின் புழு இருக்கிறது. நாலு பழத்தைப் பிட்டுப் பார்த்துவிட்டு வாங்கினால் ஆயா கோபிக்க மாட்டார்.

நீங்களே பறிக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, நம் பக்கம் மாந்தோப்பு அதிகம். மா பூக்கும் மார்கழி, தை மாதங்களில்தான் தோப்பில் மருந்தடிப்பார்கள். இலந்தை பழுப்பதும் அதே மாதங்களில்தான். தோப்பு வேலியில் நிற்கும் இலந்தைப் புதர் மேல் அந்த மருந்து படியும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். தோப்பிலிருந்து விலகிய தரிசுக்காட்டு இலந்தையைப் பறியுங்கள், எப்படியும் கழுவித்தான் தின்னுங்கள். பெரிய லாரிகள் ஓடும் சாலையோரமும் வேண்டாம்.

இரண்டாவது, மலைக்காடு காப்புக்காடு. நெல்லிக்காயே ஆனாலும் அனுமதி இல்லாமல் பறிப்பது குற்றம். செம்மரக் கடத்தல் காரணமாக இந்த மாவட்டக் காடுகளில் கெடுபிடி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். சாக்குப்பையோடு காட்டுக்குள் நடக்கிறவனிடம் பையில் என்ன இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் மற்றதெல்லாம் என்று எதிர்பார்க்காதீர்கள். காட்டுச் சரக்கு சேகரிக்கும் உரிமை உள்ள குடும்பங்கள் கீழே கொண்டுவந்து விற்பதை வாங்குங்கள். அவர்களுக்கும் நாலு காசு.

வைத்துக்கொள்ளும் வகை

சத்து தங்கும் வரிசையில் சொல்கிறேன். ஃப்ரிட்ஜ் இருக்கும் வீட்டில் எல்லாவற்றையும் விட நல்லது உறைய வைப்பது. நெல்லியைக் கழுவித் துடைத்து, கொட்டை நீக்கி, தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, உடனே ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். கட்டியானதும் தட்டிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டு மூடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மோரில் ஒரு கட்டி போட்டால் போதும்.

அடுத்தது உப்பு ஜாடி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் கல்லுப்பும் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளும் போட்டுக் கொதிக்க வைத்து நன்றாக ஆற விடுங்கள். முழு நெல்லிக்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பீங்கான் ஜாடியிலோ கண்ணாடி பாட்டிலிலோ போட்டு, காய் மூழ்கும்படி ஊற்றுங்கள். மிதக்கிற காய் பூஞ்சணம் பிடிக்கும். மேலே ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்து அழுத்தி வையுங்கள். பத்து நாளில் ஊறிவிடும். காயின் சத்தில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கியிருக்கும், ஆகவே அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தை இறக்கிய பிறகு உப்புக்குப் பதில் அதை விடுங்கள். செம்பு, ஈயம் பூசாத பித்தளை, அலுமினியம் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். புளிப்பு உலோகத்தைக் கரைக்கும், செம்போ வைட்டமின் சியை அடியோடு தின்றுவிடும்.

நிழலில் உலர்த்திய நெல்லிமுள்ளி மூன்றாவது. வெயிலில் காய்ந்ததைவிட நிழலில் காய்ந்ததில் சத்து அதிகம் நிற்கும். நாட்டு மருந்துக்கடையில் வாங்கினால் அது எப்படிக் காய்ந்தது என்று நமக்குத் தெரியாது. வில்லையாக நறுக்கி வெள்ளைத் துணியில் பரப்பி, காற்றோட்டமான இடத்தில் நாலைந்து நாள் போட்டால் சுருண்டு கறுக்கும். டப்பாவில் இறுக்கி மூடி இருட்டில் வையுங்கள்.

தேன் நெல்லி என்று கடையில் கண்ணாடிப் பாட்டிலில் இருப்பதில் தேன் எவ்வளவு, சர்க்கரைப் பாகு எவ்வளவு என்று யார் கண்டது? அதை மிட்டாய்க் கணக்கில் எழுதுங்கள், மருந்துக் கணக்கில் எழுதாதீர்கள்.

இலந்தை வடையும் சத்துக் கணக்கில் கடைசி வரிசைதான். நல்ல வெயிலில் மூன்று நாள் காய்ந்த பிறகு வைட்டமின் சி என்று சொல்லிக்கொள்ள அதிகம் மிஞ்சாது. நார்ச்சத்தும் ருசியும் மிஞ்சும். ஆனாலும் செய்முறை சொல்லாமல் விட மனமில்லை. நன்கு பழுத்த இலந்தை ஒரு கிலோ, கழுவி உலர்த்தியது. வெல்லம் கால் கிலோ. காய்ந்த மிளகாய் எட்டு, சீரகம் ஒரு ஸ்பூன், பெருங்காயம் கொஞ்சம், உப்பு இரண்டு ஸ்பூன். மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்பை முதலில் உரலில் இடித்துக்கொண்டு, பழத்தைக் கொட்டையோடு போட்டு, கொட்டை உடையாமல் சதை மட்டும் நசுங்கும்படி மெதுவாக இடியுங்கள். கடைசியில் வெல்லம். எலுமிச்சையளவு உருட்டித் தட்டி, எண்ணெய் தடவிய தட்டில் காய வைத்து, ஒரு பக்கம் இறுகியதும் திருப்பிப் போடுங்கள். மிக்ஸியில் போடாதீர்கள், கொட்டை தூளாகி மணல் தின்பது போலிருக்கும். ஒரு வருஷம் இந்தச் சோம்பேறித்தனத்தைச் செய்துவிட்டு இரண்டு தட்டு வடையையும் நான் குப்பையில் கொட்டினேன்.

சமையலில் இன்னும் ஒன்று. பருப்போ கீரையோ சீக்கிரம் வேக, பச்சை நிறம் போகாமலிருக்க, சோடா உப்பு போடும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வைட்டமின் சிக்குச் சூட்டைவிட அதுதான் பெரிய பகை.

யார் அளவோடு

உணவாகச் சாப்பிடும் அளவில் நெல்லியாலும் இலந்தையாலும் பெரும்பாலோருக்குக் கெடுதல் இல்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் வைட்டமின் சி மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கக் கூடாது. மிஞ்சிய சத்தில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறிக் கல்லுக்குத் துணை போகும். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 2000 மில்லிகிராம். காய் தின்று அதை எட்டுவது கஷ்டம், மாத்திரை தின்றால் சுலபம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பு ஜாடி நெல்லியைத் தண்ணீரில் அலசிப் பாதிக் காயோடு நிறுத்துங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் தினமும் நெல்லிச்சாறு குடிக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சின்னக் குழந்தைக்கு இலந்தைப் பழத்தைக் கொட்டை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

பங்குனிக்குப் பிறகு

மாசியோடு நெல்லியும் இலந்தையும் முடிந்துவிடும். பங்குனி, சித்திரையில் கடலோரப் பக்கத்திலிருந்து முந்திரிப் பழம் வரும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை எறிந்துவிடுகிறார்கள்; பழைய பட்டியல்படி அதில் 100 கிராமுக்கு 180 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் தொண்டைக் கரகரப்பு குறையும். அதற்குப் பிறகு கொய்யா, எலுமிச்சை. எதுவுமே இல்லாத நாளில் பழைய சோற்றுக்குக் கடித்துக்கொள்ளும் பச்சை மிளகாய்கூட ஆரஞ்சுப் பழத்தைவிட எடைக்கு எடை மேல்தான். முருங்கைக்கீரையின் கதை பெரியது, அடுத்த அத்தியாயம் முழுக்க அதுதான்.

இந்தப் புத்தகம் உங்கள் கைக்கு மார்கழியில் வந்திருந்தால் இன்றைக்கே போய் இரண்டு கூறு இலந்தையும் ஒரு கிலோ நெல்லியும் வாங்கிவிடுங்கள். போகிக்கு முந்தின வாரம் இலந்தை விலை ஏறிவிடும்.